பாதையை விசாரித்துவிட்டு நடங்கள்



கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்து போகலாமா, செல்போனில் மேப் இருக்கிறது, அது போதுமா என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். மலை ஏறும் ஆசை இப்போது பலருக்கும் இருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அது பழைய வழி. 1821இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி வழியாகத்தான் மேலே ஏறினார். பிறகு மோட்டார் சாலை வேறு பக்கம் வந்தது. கூட்டமும் அந்தப் பக்கம் போய்விட்டது. கால் படாத தடத்தை உண்ணிச்செடி சீக்கிரம் மூடிவிடும். ஆனால் வரைபடத்தில் போட்ட கோடு மட்டும் அப்படியே இருக்கும். சிக்கலே அங்கேதான்.

வகுப்பில் நில வரைபடம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? 1:50,000 அளவில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள். அவை நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. ஓரத்தில் அளவை செய்த ஆண்டு அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். முகடும் பள்ளத்தாக்கும் ஐம்பது வருடத்தில் மாறாது. ஒற்றையடிப் பாதை ஐந்தே வருடத்தில் மாறிவிடும். ஆகவே பழைய வரைபடத்தில் மலையின் வடிவத்தை நம்புங்கள். பாதையை மட்டும் ஊர்க்காரரிடம் விசாரியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு நானும் என் தங்கை மகனும் அந்த வழியில் போனோம். ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. பாறையில் யாரோ அடித்த அம்புக்குறி, பெயின்ட் உதிர்ந்து எந்தப் பக்கம் காட்டுகிறது என்றே தெரியவில்லை. செல்போன் கோடு வலப்பக்கம் போனது. வரைபடத்தில் அந்தப் பக்கம் சம உயரக் கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளகவிக்காரர் ஒருவர் தலைச்சுமையோடு வந்தார்.

"அது மாட்டுத் தடம் சார். ஓடையில போய் நின்னுரும், அங்கிட்டுப் பெரிய பள்ளம். குதிரைச் சாணம் கிடக்கிற தடத்தையே பிடிச்சு வாங்க, அதுதான் ஊருக்குப் போறது" என்றார்.

அப்போது ஊருக்குச் சாமான் குதிரையில் ஏறிக்கொண்டிருந்தது. எந்த மேப்பிலும் இல்லாத அடையாளம் அது! ஊர் எல்லையில் அவர் சொன்னபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அந்த ஊரில் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று இதே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேரை இழந்தோம். பெரும்பாலும் இளம் வயதினர். தீயோ மழையோ திடீரென்று வரும்போது, ஏறும் வழி தெரிந்தால் மட்டும் போதாது. தப்பி இறங்கும் வழி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

அதனால் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். கோடையில், புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வேண்டவே வேண்டாம். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். வழி தவறியது போலத் தோன்றினால், கடைசியாக எது நிச்சயமாகத் தெரிந்த இடமோ அதுவரை வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். நம் மலைகளில் பெரும்பாலும் அதற்கு முன்னால் அருவி வந்துவிடும்.

மலையூர்க்காரர் ஒருவரை வழித்துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். அவர் பிள்ளைகளும் பிழைப்புக்கு டவுனுக்குப் போய்விட்டால் அந்தப் பாதையைச் சொல்ல ஆள் இருக்காது. அவர்கள் நடக்கும்வரைதான் அது பாதை.

போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.