சிவப்பு விளக்கும் அறுந்த இழையும்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் எஞ்சினைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறொன்றில் நாங்கள் பெற்ற பாடம் அத்தகையது.

ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் காண, சென்னையிலிருந்து நால்வர் புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வண்டி அவர் பழையதாக வாங்கியது. அக்குடும்பத்தின் முதல் கார். தந்தையாரையும் அன்று அதில் ஏற்றிச் செல்வதாகத் திட்டம்.

பொன்னேரிக்கரையை நெருங்குகையில் ஓட்டுநருக்கு எதிரே சிறு சிவப்பு விளக்கொன்று எரிந்தது. மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளை, நுனியில் ஒரு சொட்டு. "காஞ்சி வருகிறதென்று வண்டியே அகல் ஏற்றிவிட்டது" என்று நகைத்தோம். எண்ணெய் சற்றுக் குறைந்திருக்கும், ஊருக்குள் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று மேலும் ஓட்டினோம். சில நிமிடங்களில் எஞ்சினுக்குள் சுத்தியல் தட்டும் ஓசை எழுந்தது. பிறகு வண்டி நின்றுவிட்டது.

பட்டறையில் மெக்கானிக் விளக்கினார். அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அழுத்தத்தை. எஞ்சினின் அடியிலுள்ள ஆயிலைப் பம்பு உறிஞ்சி, கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே செலுத்துகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் அத்தண்டு, மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதக்கிறது. அழுத்தம் வீழ்ந்தால் படலம் கிழியும். உலோகம் உலோகத்தைத் தின்னும். அழுத்தம் பெரிதும் வீழ்ந்த பின்பே விளக்கு எரியும் என்பதால், அது முன்னறிவிப்பன்று. ஏறத்தாழ இறுதி அறிவிப்பு.

சாவியைத் திருப்பியதும் அது எரிவதும், எஞ்சின் கிளம்பியதும் அணைவதும் இயல்பு. ஓடுகையில் எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். சமதளத்தில் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால் ஆயில் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை இழுத்துச் செல்வதே வழி. பம்பு பழுதாகியிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். சென்சார் மட்டுமே கெட்டிருக்கவும் கூடும். ஆனால் எதுவென்று ஓட்டிப் பார்த்து அறியலாகாது.

எங்கள் டிப்ஸ்டிக்கின் நுனி காய்ந்திருந்தது. எஞ்சினின் அடியில் நெடுநாளாகக் கசிவு. பல மாதங்களாக எவரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

ஆட்டோவில் வீடு சேர்ந்தபோது, தந்தையார் சலவை வேட்டியில் திண்ணையில் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டு, "வெளக்கு எரிஞ்சப்பவே நிறுத்தலையாப்பா?" என்றார். மகன் தலைகுனிந்தார். பெரியவர் குழித்தறியைக் காட்டினார். "பாவுல ஒரு இழை அறுந்தா நாடாவைத் தொடமாட்டேன். முடிஞ்சு போட்டுட்டுத்தான் அடுத்த ஊடை. விட்டுட்டா சேலை முழுக்கக் கோடு ஓடிடும், தம்பிகளா."

ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்றுக்காகத் தறியை நிறுத்துபவர் அவர். கண்ணெதிரே எரிந்த ஒரே விளக்குக்காக நாங்கள் நிற்கவில்லை.

எஞ்சினைச் சீர்செய்த செலவு வண்டியின் விலையில் பாதியை நெருங்கியது. நால்வரும் பகிர்ந்துகொண்டோம், நகைத்தவர்கள் நால்வருமல்லவா.

ஐப்பசியில் மீண்டும் சென்றோம். பெரியவர் முன்னிருக்கையில் அமர்ந்தார். மகன் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் கிளம்பியது. அவர் குனிந்து பார்த்துக் கேட்டார்: "அணைஞ்சிடுச்சாப்பா?"

"அணைஞ்சிடுச்சுப்பா."

அதன் பிறகே கதவைச் சாத்தினார்.