பீரோ

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். பிற நிலங்களிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்கிறோம். நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் ‘பீரோ’ அத்தகைய சொற்களுள் ஒன்று.

இச்சொல்லின் பிறப்பிடம் பிரான்சு. பழைய பிரெஞ்சு மொழியில் இதன் மூலச்சொல் முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் உரிய மேசையின் மீது அத்துணியை விரிப்பது வழக்கம். நாளடைவில் துணியின் பெயர் மேசைக்கு ஆயிற்று. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கும், பின்னர் அலுவலகத்திற்கும் ஆயிற்று. ‘பாலை இறக்கு’ என்னும்போது பால் என்னும் பெயர் அதனைத் தாங்கிய பாத்திரத்திற்கு ஆகிவருவதைத் தானியாகுபெயர் என்று படித்திருக்கிறீர்கள். பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே பேசியிருக்கின்றனர்!

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. இங்கிலாந்தில் அது இழுப்பறைகள் கொண்ட எழுதுமேசை. அமெரிக்காவிலோ துணிகளை வைக்கும் இழுப்பறைப் பெட்டி. நம் நாட்டின் மத்தியப் புலனாய்வுத் துறையின் ஆங்கிலப் பெயரில் அது அலுவலகம் என்னும் பொருளில் நிற்கிறது. தமிழர் வீட்டிலோ கதவும் பூட்டும் உடைய உயர்ந்த பேழைக்குப் பெயராயிற்று.

தமிழகத்திற்கு வெகுதொலைவில் உள்ள ஒரு நகரில் நான் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி மனம் வாடியிருந்தாள். “பீரோ என்று சொன்னேன், ஐயா. அது அலுவலகம் அல்லவா என்று தோழியர் சிரித்தார்கள். இனிமேல் வீட்டிலும் அலமாரி என்றே சொல்லப் போகிறேன்” என்றாள்.

“அலமாரி யாருடைய சொல் தெரியுமா அம்மா?” என்று கேட்டேன். இந்தியிலும் தமிழிலும் வழங்கும் அச்சொல் போர்த்துக்கீசியர் தந்தது. அதன் இலத்தீன் மூலம் கருவிகளும் படைக்கலங்களும் வைக்கும் இடத்தைக் குறித்தது. இன்று அலமாரியில் எவரும் வாளைத் தேடுவதில்லை. பீரோவில் அலுவலகத்தைத் தேடுவதும் அப்படித்தான். ஒரு சொல்லின் பழம்பொருளை அறிவது கல்வி. அதனைக் கொண்டு இன்றைய வழக்கைப் பிழை என்பது அறியாமை. பேழை போன்ற நம் சொற்களைப் போற்றுவோம். அதற்காக, அன்னையின் வாய்ச்சொல்லுக்கு நாணுதல் வேண்டா.

பணிமாற்றம் பெற்றுச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பிறந்த ஊர் ஒன்று, படிக்கும் ஊர் வேறு; ஆயினும் வாழும் ஊரில் உங்களுக்கென ஓர் இடம் அமைந்துவிடுகிறது. பீரோவும் நம்மிடையே தனக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டது. என் தாயாருக்கு அச்சொல் வெறும் இரும்புப் பேழையன்று. தந்தையாரின் கையெழுத்துள்ள பத்திரங்கள், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், பாச்சையுருண்டை மணக்கும் கூறைப்புடவை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். பிரெஞ்சு அகராதியில் இப்பொருள்களைக் காண இயலாது.

அந்தப் பீரோவைத் திறக்கும் ‘சாவி’யும் போர்த்துக்கீசியச் சொல்லே. உங்கள் வீட்டில் வழங்கும் இத்தகைய திசைச்சொற்கள் ஐந்தினைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவை அங்கு என்ன பொருளில் வழங்குகின்றன என்பதையும் எழுதி வாருங்கள்.