ஃபோர்சைட் எந்தப் பக்கம் நகர வேண்டும்?

காவல்துறையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், என்.சி.சி.யில நீங்க சொன்னது ஒண்ணு மட்டும் இன்னும் புரியல. குண்டு வலது பக்கம் போனா ஃபோர்சைட்டையும் வலது பக்கமே தள்ளணும்னு சொன்னீங்க. இடது பக்கம்தானே தள்ளணும்?"

இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து கேட்டிருக்கிறார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி பிடிக்காதவர்களும் படிக்கலாம், இதில் பாதி எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

நான் பேசுவது .303 பற்றி. லீ என்ஃபீல்டு என்பது அதன் பெயர். 1907இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஈஷாப்பூர் ஆலையிலும் லட்சக்கணக்கில் தயாரானது. உத்தரப் பிரதேசக் காவல்துறை இதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான். நாக்பூர் பக்கம் காம்ப்டியில் என்.சி.சி. ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது முதன்முதலாக அதைக் கையில் வாங்கினேன். நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. படுத்துக்கொண்டு பத்து நிமிஷம் பிடித்தால் எட்டு கிலோ.

குறி பார்ப்பதற்கு அதில் இரண்டே உறுப்புகள். கண்ணுக்கு அருகில் 'யு' வடிவ வெட்டு உள்ள பேக்சைட். குழாயின் நுனியில், இரண்டு பக்கமும் காது மாதிரி தடுப்பு வைத்து, நடுவில் மெல்லிய தகடாக நிற்கும் ஃபோர்சைட். தகட்டின் தலை யு-வின் இரண்டு தோள்களுக்குச் சமமாக, நட்டநடுவில் நிற்க வேண்டும். அதன் மேல் இலக்கு உட்கார வேண்டும். உஸ்தாத்கள் இதை 'ஷிஸ்த்' என்பார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. தகட்டின் தலை தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. புதிதாகச் சுடுபவர்கள் எல்லோரும் இலக்கையே முறைத்துப் பார்ப்பார்கள். எத்தனை தடவை சொன்னாலும் பார்ப்பார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கண் எப்போதும் தகட்டின் தலையைக் கொண்டுபோய் இலக்கில்தான் வைக்கும். தகட்டைக் குழாயின் மேல் வலது பக்கம் நகர்த்திவிட்டீர்கள் என்று வையுங்கள். இப்போது அதை மறுபடி இலக்கோடு சேர்க்க, நீங்கள் அறியாமலே துப்பாக்கியின் வாயை இடது பக்கம் திருப்புவீர்கள். குண்டு இடது பக்கம் வரும். அதனால்தான் ஃபோர்சைட் பிழை போகும் திசையிலேயே நகர வேண்டும். உயரத்துக்கும் இதே கணக்கு: குண்டு மேலே போனால் உயரமான தகடு, கீழே போனால் குட்டையான தகடு. பேக்சைட்டுக்கு நேர்மாறு. குண்டு எங்கே போக வேண்டுமோ அந்தத் திசையில் அது நகர வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? இங்கேதான் வடிவொத்த முக்கோணம் வருகிறது. இந்தத் துப்பாக்கியில் இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் பத்தொன்பதரை அங்குலம். நூறு கெஜம் என்பது 3,600 அங்குலம். வகுத்தால் ஏறக்குறைய 185 மடங்கு. ஃபோர்சைட்டில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் நூறு கெஜத்தில் குண்டு 18 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். துணி துடைக்கும்போது யாராவது கதவில் இடித்தால் போதும், அந்தத் துப்பாக்கி அன்றிலிருந்து வேறு ஊருக்குச் சுடும்.

ஆனால் இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குரூப். ஒரே இடத்தைக் குறி வைத்து ஐந்து குண்டு. முதல் குண்டு எங்கே விழுந்தாலும் இரண்டாவதைத் திருத்திச் சுடக் கூடாது. காம்ப்டியில் என் பக்கத்தில் படுத்திருந்த ஒரு ஆசிரியர், தொலைநோக்கியில் பார்த்தவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு குண்டுக்கும் குறியை மாற்றினார். தாள் முழுக்க அம்மைத் தழும்பு. அதைப் பார்த்துத் துப்பாக்கி சரியா, ஆள் சரியா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஐந்தும் சிதறியிருந்தால் ஆளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மூச்சு, விரல், தோளில் அழுத்தம். ஐந்தும் ஒரே இடத்தில் கூடி, அந்த இடம் மட்டும் தள்ளியிருந்தால் ஆள்மேல் குற்றமில்லை. சைட்டைப் பாருங்கள். அதற்கும் முன்னால் முன்கட்டையின் திருகுகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துக் குழாயை நெருக்கினால், நேற்று சரியாக இருந்த துப்பாக்கி இன்று தள்ளும்.

பயிற்சி முடித்து வந்த சில வருஷத்தில் ஒரு வருடாந்திர முகாம். எங்கள் பள்ளிப் பையன்களுக்கு .22 துப்பாக்கி, இருபத்தைந்து கெஜம். அதே லீ என்ஃபீல்டு உடம்புதான், குழாய் மட்டும் சின்னது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சுட்டான். அதிகம் பேச மாட்டான். வகுப்பில் 'மக்கு' என்று பட்டம் வாங்கியவன். அதைச் சூட்டியதில் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. தாளைக் கொண்டுவந்தபோது நடு வட்டத்தில் ஒன்றுமே இல்லை. மதிப்பெண் எழுதியவர், "கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பையன் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்தான்.

வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி ஐந்து ஓட்டை. ஒரு எட்டணா காசை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். அன்று அந்த முகாமில் வேறு யாரும் அப்படிச் சுடவில்லை.

உஸ்தாத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தானே படுத்து ஐந்து சுட்டார். அவருடைய ஐந்தும் வலது பக்கம் இரண்டு அங்குலம். ஆர்மரர் ஒரு சின்னத் திருகுக் கருவியை மாட்டி ஃபோர்சைட்டை வலது பக்கம் நகர்த்தினார். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். அவர் கணக்குப் போடவில்லை, கையாலேயே தெரிந்து செய்தார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். .303 தனியார் வைத்துக்கொள்ளத் தடை செய்யப்பட்ட ரகம். சைட்டைத் தொடுவது ஆர்மரரின் வேலை. யாரும் தாத்தா காலத்துத் துப்பாக்கியைத் தேடிப் பரணில் ஏறாதீர்கள்.

அந்தப் பையனை மறுநாள் டீமில் சேர்த்தார்கள். அதே துப்பாக்கியைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினான். முகாமில் மூன்றாவதாக வந்தான். முதல் இரண்டு பேரும் கல்லூரி மாணவர்கள். பழைய தாளை என்ன செய்தாய் என்று பஸ்ஸில் கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.