சுவரெல்லாம் பீர் பாடம்!

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது போர்ட்லாண்ட். வருஷத்தில் பாதி நாள் நசநசவென்று தூறல். ஊர்க்காரர்கள் குடை பிடிப்பதில்லை. கையில் கிளாஸ்தான் பிடிக்கிறார்கள்! 'நிர்வாணா' என்கிற பெரிய சமாசாரத்தோடு பீரை முடிச்சுப் போட்டு, ஊருக்கே 'பீர்வானா' என்று செல்லப் பெயர். புத்தர் மன்னிப்பாராக.

இத்தனைக்கும் நடுத்தெருவில் வெண்கலக் குடிநீர் ஊற்றுகள்! 1912-ல் சைமன் பென்சன் என்ற மர வியாபாரி, இப்படி 20 ஊற்றுகள் வைக்க 10,000 டாலர் கொடுத்தார். நல்ல தண்ணீர் கிடைத்தால் தொழிலாளிகள் பீர் பக்கம் போகமாட்டார்கள் என்று நம்பினாராம். அதற்கும் முன்னால் 1888-ல் இன்னொரு நீரூற்றின் திறப்பு விழா. "அதில் என் பீரையே ஓட விடுகிறேன்" என்று ஹென்றி வைன்ஹார்ட் என்ற பீர் தயாரிப்பாளர் முன்வந்ததாக ஒரு கதை. நகராட்சி, 'ஐயோ வேண்டாம் சாமி' என்று கும்பிடு போட்டுவிட்டதாம்.

2024 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் அந்த ஊரில் இருந்தேன். தங்கியது மதுரைக்கார அண்ணன் ஒருவர் வீட்டில். பக்கத்து ஹில்ஸ்பரோவில் சிப் கம்பெனி வேலை. சனிக்கிழமையானால் காரை வெளியே நிறுத்திவிட்டு, கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறார்!

"பதறாதீங்க தம்பி, எல்லாம் சட்டப்படிதான்" என்றார். நிஜம்தான். 1933-ல் அங்கே மதுவிலக்கு முடிந்த பிறகும், வீட்டில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விடிந்தது. ஒரு ஆளுக்கு வருஷம் 100 காலன். பெரியவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கிற வீட்டுக்கு 200. ஆனால் விற்கக் கூடாது.

ஷெட்டுக்குள் நுழைந்தால் பள்ளிக்கூடம் மாதிரி சுவர் முழுக்கப் படங்கள். படிக்கச் சோம்பல்படுகிற நம்ம ஜாதிக்கு இதுதான் சரி. ஒவ்வொரு படமும் ஒரு பாடம்.

முதல் படம், செய்முறை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 65 - 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடிகட்டி, ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறவைத்து ஈஸ்ட் போடவேண்டும். இரண்டு வாரம் கழித்து, துளி சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால் இன்னும் இரண்டு வாரத்தில் நுரை தயார்.

"நம்ம இட்லி மாவு பொங்குற கதைதான். அதுக்கு நான் எந்தச் சுவத்துல படம் ஒட்டினேன்?" என்று மதினி ஒரு போடு போட்டார்கள். அண்ணன் கப்சிப்!

இரண்டாவது, நிறப் பட்டை. வைக்கோல் நிறத்துக்கு 2, கன்னங்கரேலுக்கு 40. மூன்றாவது ஒரு சக்கரம். 1970-களில் மோர்டன் மெயில்கார்ட் என்ற விஞ்ஞானி முன்னின்று உருவாக்கியது. பீரில் வரும் வாசனைகளை ஆரக்கால் மாதிரி பிரித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் ஹாப்ஸ் படம். 1972-ல் ஆரிகனிலிருந்தே வெளிவந்த 'கேஸ்கேட்' ரகத்தை முகர்ந்தேன். அசல் பம்ப்ளிமாஸ்!

நான்காவது, கோளாறுப் பட்டியல். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அவசரப்பட்டு இறக்கிவிட்டீர்கள். ஈர அட்டை வாசனையா? காற்று புகுந்துவிட்டது. வெயில் பட்டதா? நாற்றம் தாங்காது. பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அதற்குத்தான்.

அங்கேதான் எனக்கு மனசு இடறியது. நான் விழுப்புரம் பக்கத்துக்காரன். நாலு மாசம் முன்பு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள்.

"அண்ணே, இதுல அந்த மாதிரி விஷம் வராதா?" என்று கேட்டேன்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "பார்லி புளிச்சு அந்த அளவுக்கு மெத்தனால் வராது தம்பி. அது ஃபேக்டரிச் சரக்கு. போதைக்காக எவனோ சாராயத்துல கலந்தது. நாக்குல வச்சா வித்தியாசம் தெரியாது. அதான் கொடுமை. என் பாட்டில்ல என்ன போட்டேன், எத்தனை டிகிரி, எந்தத் தேதி, எல்லாம் எழுதியிருக்கு. அந்தப் பாக்கெட்ல என்ன எழுதியிருந்துச்சு?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டுக் காட்டினார். ஆரம்பத்தில் 1.050, முடிவில் 1.010. கழித்து 131.25-ஆல் பெருக்கினால் 5.25 சதவிகித ஆல்கஹால்.

கடைசிப் படம் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதில் ஒரு ஈரலும் ஒரு கடிகாரமும். 355 மில்லி பீர், 5 சதவிகிதம் என்றால் 14 கிராம் ஆல்கஹால். அதைக் கரைக்க ஈரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வேண்டும். அண்ணன் ஓரத்தில் பேனாவால் நம்ம ஊர்க் கணக்கையும் போட்டிருந்தார்: 42.8 சதவிகிதச் சரக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம். நாலு பீருக்கும் மேலே! ஈரலுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை.

நம்ம ஆட்கள் ஆபீஸ் விட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால், நின்றபடியே பத்து நிமிஷத்தில் முடிக்கிற சமாசாரம் சார் அது!

நம்ம ஊரில் வீட்டில் காய்ச்சினால் போலீஸ் ஜீப் வரும்; ஆகவே முதல் நாலு படமும் பார்த்து ரசிக்க மட்டும். ஐந்தாவதை மட்டும் போட்டோ எடுத்து வந்து, பிரிண்ட் போட்டு என் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறேன். ரூம்மேட் தினமும் திட்டுகிறான். ஆனால், கிழிக்கவில்லை!