பங்குக் கிணறும் ஊர்ச்சபை விதியும்

“வீட்டைக் கட்டிப்பார்; கலியாணத்தைச் செய்துபார்” என்பது எம்மவரிடையே என்றும் வழங்கும் முதுமொழி. அம்மொழியை ஆக்கியோர் காலத்திலே வீடு கட்ட எண்ணியவன் நாட் பார்த்தான், நிலையம் எடுத்தான், மேசனையும் தச்சனையும் அழைத்தான். ஊர்ச்சபைக் கந்தோரின் படிகளில் ஏறியிறங்கும் கடன் அவனுக்கு இருக்கவில்லை. அக்கடன் எனக்கு வாய்த்தது. அதனாற் பெற்ற மனத்தாங்கலைக் கல்லூரி அன்னையின் விழா மலரிலே எழுதுதல் பொருந்துமோ என முதலில் ஐயுற்றேன். இக்கதையின் முதலும் முடிவும் எம் வகுப்பறையோடு தொடர்புற்றிருத்தலால் எழுதத் துணிந்தேன்.

எமக்குப் பூமிசாத்திரம் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் வகுப்புக்கு ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கொணர்ந்தார். கறையான் அரித்த மரம்போல அதன் உடலெங்கும் துளைகள். மேசைமீது வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, கல்லை அதன்மேல் வைத்து, மை கலந்த நீரை வார்த்தார். மறுகணமே தாள் நீலமாயிற்று. “குடாநாடு இத்தகைய கல்லின்மேல் அமைந்துள்ளது. இங்கே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரிமழை இத்துளைகளின் வழியே இறங்கி நிலத்தின்கீழ் நிற்கின்றது; அதனையே நாம் கிணற்றிலே அள்ளுகின்றோம். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இக்கல் எமக்குத் தந்தவை” என்றார். பரீட்சைக்கு அதனை எழுதினோம், பின்னர் மறந்தோம்.

நிற்க. எங்கள் பேத்தியாரின் வளவு நாலு பரப்பு. பெண்மக்கள் நால்வருக்கும் பரப்பொன்றாக, அதாவது 10 பேர்ச்சாக, அதனைச் சீதனமாக எழுதினார். நாலு துண்டுகளும் கூடும் நடுவிலே கிணறு. ஒவ்வோர் உறுதியிலும் “கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்ற வாசகம் உண்டு. என் தாயாரின் துண்டு 33 அடி அகலமும் 82 அடி நீளமும் உடையது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் இடம்பெயர்ந்தபோது அங்கே ஒரு சிறு கல்வீடு இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் நாங்கள் மீண்டு சென்று கண்டது கூரையற்ற சுவர்களையே. தாயாருக்கு அப்பொழுது 84 வயது. வாடகை வீட்டிலே கண்மூட மாட்டேன் என்பது அவர் பிடிவாதம்.

ஆகவே படவரைஞர் ஒருவரைக்கொண்டு வரைபடம் கீறுவித்து, கட்டணமுஞ் செலுத்தி, 2011ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சபையாரிடம் விண்ணப்பித்தேன். எம்மவர் வழக்கப்படி மலசலகூடமும் அதன் குழியும் வளவின் பிற்புறத்திலே காட்டப்பட்டிருந்தன. இரண்டு மாதத்தின் பின் படம் திரும்பிற்று. “விதிகளுக்கு அமைவாக இல்லை” என்ற ஒரே வரி. எந்த விதி என்று எழுதப்படவில்லை. தெருக்கோடுதான் குற்றமாக்கும் என எண்ணி முன்விறாந்தையைக் குறுக்கினேன். மீண்டும் திரும்பிற்று. உறுதியின் பிரதி கேட்டனர், கொடுத்தேன். பின்னர்த் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மாற்றலாகிச் சென்றார். புதியவர் வரும்வரை காத்திருந்தேன். ஏழாம் மாதத்திலேதான் இலிகிதர் ஒருவர் என்மேல் இரங்கி, கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்றார். என் படத்திலே இருந்தது 22 அடி!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பரப்புக் காணியிலே 50 அடிக்கு எங்கே போவது? எம் முன்னோர் விதி பார்த்தோ வாழ்ந்தனர்? அன்று மாலையே என் வகுப்புத் தோழர் ஒருவரிடஞ் சென்றேன். அவர் இளைப்பாறிய பொறியியலாளர். சபையிலே சொல்வாக்கு உடையவர். ஒரு வார்த்தை சொல்லிப் படத்தை நிறைவேற்றித் தரும்படி கேட்டேன். பழைய மாணவர் என்ற உரிமையை இதற்கன்றி வேறெதற்கு வைத்திருக்கின்றோம் என்றுங் கேட்டேன். இதனை எழுதக் கை கூசுகின்றது. எனினும் உண்மை அதுவே.

அவர் சிரித்தார். “என்ன காணும், வாத்தியாரின் மைத்தண்ணீரை மறந்துவிட்டீரோ?” என்றார். யான் மறுமொழி பகரவில்லை.

அடுத்த நாட் பிற்பகல் அளவுநாடாவுடன் எம் வளவுக்கு வந்தார். பங்குக் கிணற்றிலிருந்து அளந்தார். எதிர்வீட்டுக் கிணற்றையும் விடவில்லை. வளவின் முன்மூலையிலே, தெருக்கோட்டுக்கு உட்புறமாக, ஓரிடத்திலே முளை அடித்தார். அவ்விடம் எங்கள் கிணற்றிலிருந்து 66 அடி. எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்து 58 அடி. குழியை அங்கே நிலத்தினுள் அமைத்து, குளியலறையையும் முன்பக்கத்துக்கு மாற்றினால் விதி நிறைவேறும் என்றார்.

“தலைவாசலிலே கக்கூசுக் குழியோ? ஊர் சிரிக்குமே!” என்றேன் யான். கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த தாயார், “ஊர் சிரித்தாற் சிரிக்கட்டும். என் ஆச்சி வெட்டுவித்த கிணறு. நாலு வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். அதைக் கெடுத்துவிட்டு எனக்கு ஒரு வீடு வேண்டாம்” என்றார்.

புதிய படத்தைக் கொடுத்தோம். அதுவும் பல மேசைகளிலே துயின்றது. விண்ணப்பித்த ஒன்பதாம் மாதத்திலே தாயார் வாடகை வீட்டிலே காலமானார். பதினோராம் மாதத்திலே அனுமதி வந்தது. அந்தியேட்டி கழிந்து நெடுநாளாகியும் அக்கடிதத்தை உறையிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யாரை நோவது? ஆறியிருந்து பலகாலும் எண்ணிப்பார்த்தேன். கட்டடத்துக்கு முன் வரைபட அனுமதியும், குடிபுகுமுன் சான்றிதழும் வேண்டுமென விதிப்பது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டிலேதான் கொழும்பிலே பிளேக் நோய் தோன்றியது. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான வீடுகளிலே நோய் எவ்வாறு பரவும் என்பதை அறிந்த காலத்தின் சட்டம் அது. பேத்தியாரின் வளவிலே ஒரு குடும்பம் இருந்தபோது விதி வேண்டியிருக்கவில்லை. இன்று அங்கே நாலு வீடுகள், நாலு குழிகள், கிணறு ஒன்று. எனவே விதியை யான் நோகேன்.

ஆயினும் பதினொரு மாதத்திலே அவ்விதிக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு பிற்பகல் மாத்திரமே. மிகுதி நாட்கள், இன்ன விதி, இத்தனை அடி என்று ஒருவரி எழுதாமையாற் கழிந்தவை. சபையாருக்கு ஆளணி குறைவு என்பதையும் அறிவேன். ஒருவரி எழுதுதற்கு ஆளணி பெரிதும் வேண்டுவதில்லை. வீடு கட்டுவோர் அறியவேண்டிய தூரங்களையும் அளவுகளையும் எளிய தமிழிலே ஒரே தாளில் அச்சிட்டுக் கந்தோர் வாயிலிலே கொடுத்தாற் பாதித் துன்பம் தீரும்.

எம் பழைய மாணவருள் பொறியியலாளர், நிலஅளவையாளர், படவரைஞர், சபை உத்தியோகத்தர் எனப் பலர் உளர். சொல்வாக்கை நாடி எம்மைப் போல்வார் வருங்கால், என் தோழர் போல அளவுநாடாவை எடுத்துக்கொண்டு புறப்படுவாராக. இன்று அப்புதுவீட்டிலே என் தங்கை வாழ்கின்றாள். கிணற்றிலே நால்வரும் அள்ளுகின்றனர்.