விளக்கில் எரிந்த எண்ணெய்

அன்புள்ள யாழினிக்கு,

விளக்கெண்ணெயின் பழைய வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் இந்தக் கெட்டியான எண்ணெய் அகலில் நின்று எரியும். அந்தச் சுடரின் கரியைப் பிடித்துத்தான் கண்மை செய்தார்கள். மருந்தாகவும் இந்த எண்ணெய்க்கு வயது அதிகம். ஏறத்தாழ கி.மு. 1550ஐச் சேர்ந்த எகிப்தின் ஏபெர்ஸ் மருத்துவச் சுவடியில் ஆமணக்கு இடம்பெற்றிருக்கிறது. தாவரவியலில் அதன் பெயர் ரிசினஸ். லத்தீனில் உண்ணி என்று பொருள். வழவழப்பாக, பழுப்புப் புள்ளிகளும் நுனியில் சிறு முண்டுமாக இருக்கும் கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், இரத்தம் குடித்து உப்பிய மாட்டு உண்ணியேதான்.

வீடுகளில் கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்து, சடசடப்பு அடங்கும்வரை மறுபடி காய்ச்சுவார்கள். விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பச்சை விதையை மென்று தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ரிசின் எண்ணெயில் கரையாத புரதம். அது சூட்டில் சிதையும், எஞ்சியது புண்ணாக்கில் தங்கிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகாமல் வயலுக்கு உரமாகப் போவது இதனால்தான்.

பேதிக்குக் கொடுப்பதுதான் இந்த எண்ணெயின் உறுதியான மருத்துவப் பயன். சிறுகுடலில் எண்ணெய் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிப்படும். எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு அந்த அமிலமே. 2012இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளில் அதன் வழியைக் கண்டார்கள்: குடல் தசையிலுள்ள இபி3 என்ற ஏற்பியை அது தூண்டுகிறது. குடித்த 2 முதல் 6 மணி நேரத்தில் வயிறு போகும். எப்போதாவது வரும் மலச்சிக்கலுக்கு அது உதவும். பிள்ளைகளுக்கு மாதாமாதம் ‘வயிறு கழுவ’ என்று கொடுத்த வழக்கத்துக்கு மருத்துவத் தேவை எதுவும் இல்லை.

வயிற்று முறுக்கல், குமட்டல், தலைச்சுற்றல் வரலாம். அளவு மீறினால் உடலின் நீரும் உப்பும் வற்றும். குடலடைப்போ, காரணம் தெரியாத வயிற்றுவலியோ இருப்பவர் தொடவே கூடாது. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் உண்டு. எண்ணெய் அங்கும் சுருக்கத்தைத் தூண்டும். எனவே கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. பிரசவ நாள் தள்ளிப்போனாலும், வலி வரவழைக்க யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட வேண்டாம்.

கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிடக் கொடிது. கெட்டி எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியாவை உண்டாக்கும்.

வெடித்த குதிகாலுக்கும் வறண்ட தோலுக்கும் தடவலாம்; ஈரத்தைக் காக்கும். சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும் என்பதால் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவிப் பார்ப்பது நல்லது. முடியையும் இமையையும் வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. நீண்ட கூந்தலில் அப்பிக் குளித்தபின் முடி கல்போல் சிக்குண்டு இறுகியதும் உண்டு. அந்தச் சிக்கு பிரியாது. கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா