பழைய துணிக்காரி



ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. "பழைய துணிக்காரி." யார் வைத்தது என்று எழுத மாட்டேன். அவளே இதைப் படித்துச் சிரிப்பாள். முதலில் அழுகையா வந்துச்சு. இப்போ பழகிப் போச்சு. தமிழம்மாதான், "அந்தப் பேரையே தலைப்பா வெச்சு எழுதும்மா" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்தது. மூடியில் ரோஜாப்பூ படம், பாதி உரிந்துவிட்டது. 1975-இல் கல்யாணம் ஆனபோது தாய்வீட்டில் கொடுத்து அனுப்பியது. நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது ஒருநாள் அதைத் திறந்தேன். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கலந்து ஒரு வாசனை வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

உள்ளே இரண்டு சுங்குடிச் சேலை, கட்டம் போட்ட கண்டாங்கி ஒன்று, அத்தை படிக்கிற காலத்தில் போட்ட தாவணி, பலூன் மாதிரி உப்பின பஃப் கை ஜாக்கெட், சவுரி, குஞ்சம், ஒரு சுருக்குப் பை. சுருக்குப் பையைத் திறந்தால் இன்னமும் வெத்தலை பாக்கு வாசம் அடிக்கும். அதற்குள் ஒரு இருபது பைசா இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நானே சேர்க்க ஆரம்பித்தேன். காசு கொடுத்து எதுவும் வாங்கியதில்லை. பெரியம்மா ரப்பர் வளையல் கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி கல் உதிர்ந்த ஜடைவில்லை ஒன்று கொடுத்தார்கள். "இது நீங்க எப்பப் போட்டது பாட்டி?" என்று கேட்டால் போதும். கதையையும் சொல்லிவிட்டுப் பொருளையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பெட்டியில் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. அது தண்டட்டி. அப்பத்தாவுக்குச் சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, ஓலைச் சுருளைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் துளையைப் பெரிதாக்கிக் காது வளர்த்தார்களாம். தண்டட்டி பார்க்கப் பெரிய தங்கக் கட்டி மாதிரி இருந்தாலும் மேலேதான் தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அப்பத்தாவின் தண்டட்டியை அத்தை கல்யாணத்துக்கு விற்றுவிட்டார்கள். இப்போது அவர்கள் காது தோள் வரைக்கும் சும்மா தொங்குகிறது. சின்ன வயதில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விளையாடுவேன். "போட்டுப் பாக்கணும் போல இருக்கு அப்பத்தா" என்றால், "ஒன் காது தாங்காதுடி ஆத்தா" என்று சிரிப்பார்கள்.

நம் பள்ளிப் பொங்கல் விழாவுக்கு நான் அரக்குக் கலர் சுங்குடியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, பஃப் கை ஜாக்கெட் போட்டு வந்தேன். நீங்க எல்லாரும் பார்த்தீங்க. "சரோஜாதேவி வருது" என்று பையன்கள் கத்தினார்கள். அப்புறம் இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து, கொசுவம் எப்படிப் பின்னாடி நிற்குது என்று கேட்டார்கள். முன்னாடி மடிப்பு வைத்தால் வயலில் குனிந்து வேலை பார்க்கக் காலைத் தடுக்கும். அதனால் மடிப்பைப் பின்பக்கம் எடுத்துச் செருகி, நுனியை விசிறி மாதிரி வெளியே விடுவது. எனக்கு அது வரவே வராது. அப்பத்தாதான் கட்டிவிட்டார்கள்.

நான் எழுத வந்ததே அந்தச் சேலையைப் பற்றித்தான்.

அது தாத்தா 1978-இல் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனபோது எடுத்து வந்தது. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை சுங்குடி. துணியை விரல் நுனியால் துளித்துளியாகக் கிள்ளி, ஒவ்வொரு கிள்ளலையும் நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. நான் ஒரு சாண் நீளம் ஒரு சாண் அகலத்துக்கு எண்ணிப் பார்த்தேன். ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு. சேலை முழுவதும் என்றால் ஆயிரக்கணக்கில் வரும். அத்தனையும் ஒரு அக்காவோ பாட்டியோ உட்கார்ந்து கையால் கட்டியது. எந்தப் புள்ளியும் இன்னொரு புள்ளி மாதிரி இருக்காது. மேலே அச்சுக் குத்திய சேலை என்றால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மங்கலாக இருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததாம். சமூக அறிவியல் சார் சொன்னது.

அந்தச் சேலையின் இரண்டு தலைப்பிலும் நூல் கசங்கி, இழை விலகி இருக்கும். எதனால் என்று அப்பத்தா சொன்னார்கள். எங்க அப்பா பிறந்தபோது அதில்தான் தூளி கட்டினார்களாம். உத்திரத்தில் முடிச்சுப் போட்ட இடம் அது.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அடுப்படியில் புது இட்லிப் பானை பளபளவென்று இருந்தது. "ஏதும்மா?" என்றேன். "பாத்திரக்காரரு வந்தாரு. உங்கப்பா பேன்ட்டு நாலும் அந்தப் பழைய சேலையும் போட்டேன்" என்றார்கள் அம்மா.

அம்மா மேல் தப்பு இல்லை. பழைய இட்லிப் பானை அடியில் ஓட்டை. மூன்று மாதமாகச் சோப்பு வைத்து அடைத்து அடைத்துத்தான் அவித்தார்கள். அது தெரிந்தும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அம்மா களை எடுக்கக் கிளம்பியதும் ஓடினேன். பாத்திரக்காரர் மேலத்தெரு வேப்பமரத்தடியில் துணிகளைப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். "கணக்கு முடிஞ்சு போச்சு பாப்பா. ஈடா வேற துணி கொண்டா, தர்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கொடியைப் பார்த்தேன், அலமாரியைப் பார்த்தேன். கொடுக்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். தீபாவளிக்கு அப்பா அனுப்பிய சுடிதார். மயில்கழுத்துக் கலர். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வர முடியாமல் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரே ஒரு தடவை போட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு பழைய சேலைக்கு ஒரு புதுச் சுடிதார். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பேரம் பேசணும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குத் தெரிந்தது. முதுகில் இரண்டு போட்டார்கள். "நைட் ஷிப்ட் பாத்து எடுத்து அனுப்பின துணிடி அது" என்று சொல்லிவிட்டு அவர்களே அழுதார்கள். ஆனால் போனில் அப்பாவிடம் சொல்லவில்லை. அது எனக்கு அடியைவிட வலித்தது.

போகி அன்று ராத்திரி அப்பா வந்தார்கள். பொங்கல் அன்று காலையில் புது போனை எடுத்துக்கொண்டு, "பாப்பா, அந்தச் சுடிதாரைப் போட்டுட்டு வா. போட்டோ எடுக்கலாம். நான் பாக்கவே இல்லையே" என்றார்கள். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன். எல்லாத்தையும்.

அப்பா திட்டவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்கள். அப்பத்தா என்னைக் கூப்பிட்டு அந்தச் சுங்குடியைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். "இந்தாடா, ஒன்னைத் தூளி கட்டிப் போட்ட சேலை" என்றார்கள். "அதுக்கு என்னத்தா இப்ப?" என்றார்கள் அப்பா. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டோ எடுத்தார்கள். அதில் நான் சிரிக்கவில்லை.

திரும்பித் திருப்பூர் போகிற அன்று பஸ் ஸ்டாப்பில் அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அந்தக் கலரு ரெண்டு கடை ஏறி எறங்கித் தேடுனது பாப்பா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

சேலை இப்போது பெட்டியில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை நிழலில் காயப்போட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைக்கிறேன். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். கஞ்சி போட்ட துணியை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது, பூச்சி அரித்துவிடும். புது இட்லிப் பானையில் இட்லி நன்றாகத்தான் வருகிறது.

உங்கள் வீட்டில் பாட்டி, பெரியம்மாவுடைய பழைய சேலையோ தாவணியோ இருந்தால், பாத்திரக்காரருக்குப் போடுவதற்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. பதிலுக்கு இட்லிப் பானை தர முடியாது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று தர்றேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

- ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி